கல் எங்கேயும் போகவில்லை

சர்வேயர் என்றால் நிலத்தை அளக்கிறவர் என்றுதான் ஊர் நினைக்கிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் குறுவட்ட அளவராகக் காலம் தள்ளி ஓய்வுபெற்ற ஒருவரைக் கேட்டால், அளந்ததைவிடத் தோண்டியதுதான் அதிகம் என்பார். அவர் கையில் புலப்படம், செயின்மேன் தோளில் சங்கிலி, தலையாரி கையில் கடப்பாறை. மூன்றில் எது இல்லாவிட்டாலும் வேலை கெடும். கடப்பாறை இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காது. அளப்பதற்கு முன்னால் எங்கிருந்து அளப்பது என்று தெரிந்தாக வேண்டுமே. அந்த இடத்தைச் சொல்லும் கல்லை யாரோ தாத்தா காலத்தில் நட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு அதன் மேல் வரப்பு ஏறியிருக்கும், வேலி படர்ந்திருக்கும், மழை மண்ணைக் கொண்டுவந்து மூடியிருக்கும்.

மதராஸ் ராஜதானியில் சர்வேத் துறை 1858-ல் முறையாகத் தொடங்கியது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு விவசாயியும் தன் நிலத்துக்குத் தானே நேராகத் தீர்வை கட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண், எண்ணுக்கு ஒரு படம், படத்தில் உள்ள ஒவ்வொரு திருப்பத்துக்கும் தரையில் ஒரு கல் என்று ஆனது. நடுத்தரமான ஒரு கிராமத்திலேயே சர்வே எண்கள் சில நூறு இருக்கும், கற்கள் ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு குறுவட்டத்தில் இப்படிப் பல கிராமங்கள். அவர் பொறுப்பில் இருந்த கற்களின் தொகையை அவர் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டியிருந்தால் வேலையை விட்டிருப்பேன் என்று சிரிப்பார்.

புலப்படம் பார்க்க எளிமையான தாள். ஒரு சர்வே எண்ணின் உருவம், மூலைகளில் எழுத்துகள், கோடுகளின் மேல் சின்னச் சின்ன எண்கள். நிலத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை இழுத்திருக்கும் கோட்டைச் சர்வேக்காரர்கள் ஜி லைன் என்பார்கள். நிலத்தின் எல்லைக்கோடு எஃப் லைன். ஜி லைன் வழியாகச் சங்கிலி பிடித்துப் போய், படத்தில் சொன்ன தூரத்தில் நின்று, கிராஸ் ஸ்டாஃப் வைத்துச் செங்குத்தாகத் திரும்பி, ஆஃப்செட் எவ்வளவோ அவ்வளவு போனால் எல்லையின் திருப்பம் வரும். அங்கே கல் இருக்க வேண்டும். பழைய படங்களில் தூரமெல்லாம் லிங்க்ஸ் கணக்கு. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க்ஸ். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். மீட்டர் வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் அவர் மனது லிங்க்ஸிலேயே கணக்குப் போட்டது. ஏர், ஹெக்டேர் எல்லாம் எழுதுவதற்கு மட்டும்.

அவர் வேலைக்கு வந்தது யு.டி.ஆர். காலத்தில். 1979-ல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம் அது. அப்போது விழுப்புரம் தனி மாவட்டம் இல்லை, எல்லாம் தென்னார்க்காடு. பயிற்சியில் சங்கிலி பிடிக்கவும் படம் போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். கல்லைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தது மயிலம் பக்கத்தில் இருந்த ஒரு வயதான தலையாரி. அவருக்குப் படிக்கத் தெரியாது, புலப்படத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வாங்கிப் பார்ப்பார். ஆனால் எந்தக் கழனியில் எந்த மூலையில் கல் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஒருமுறை மல்லாட்டை அறுத்து முடித்த கொல்லையில், படம் சொன்ன இடத்தில் தோண்டித் தோண்டிப் பார்த்தும் கல் இல்லை. காணாமல் போய்விட்டது என்று எழுத இவர் பேனாவை எடுத்தார். தலையாரி தலையாட்டவில்லை.

"கல்லு எங்கயும் போவல சார். வரப்புதான் நவுந்துபோச்சு."

"வரப்பு எப்படிப் பெரியவரே நகரும்?"

"வருசத்துக்கு ஒரு கொத்து. இவன் கொத்துவான், அவன் சும்மா இருப்பான். அவன் புள்ள தலையெடுத்தா அவன் கொத்துவான். கல்லு இன்னா பண்ணும், இருந்த எடத்துலயே கீது."

வரப்பை விட்டு ஓரடி தள்ளி, உழுத நிலத்துக்குள்ளே கடப்பாறையை விட்டார். மூன்றாவது குத்தில் சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தை இவர் பிறகு பணிக்காலம் முழுக்கக் கேட்டார். செம்மண்ணில் கடப்பாறை மெத்தென்று இறங்கும், சரளையில் கரகரக்கும், சுண்ணாம்புக் கல்லில் மொட்டையாக நிற்கும். நட்ட கருங்கல்லில் பட்டால் கடப்பாறை கையை எதிர்த்து உதறும். தானாகக் கிடக்கும் பாறைக்கும் நட்ட கல்லுக்கும்கூட வித்தியாசம் உண்டு. நட்ட கல் மண்ணுக்குள்ளே துளி அசையும், அதனால் சத்தத்தில் ஒரு பொக்கு இருக்கும்.

கல் தேடுவதற்குப் பருவம் உண்டு. விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணைப் பக்கம் கரும்பு நிற்கும்போது போனால் சங்கிலியை நீட்டவே முடியாது. மரக்காணம் சாலையில் சவுக்குத் தோப்பு வெட்டும்வரை காத்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில், அறுவடை முடிந்து அடுத்த உழவு தொடங்குவதற்கு முன்னால் நிலம் வெறுமையாகக் கிடக்கும் நாட்களே சர்வேக்காரர்களுக்கு நல்ல நாள். வெயிலில் காய்வது இந்த வேலையோடு சேர்ந்து வருவது. ஆடிப்பட்டத்துக்குள் முடிக்காவிட்டால் விண்ணப்பம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும், அந்த ஒரு வருடத்துக்குள் இரண்டு பங்காளிகளுக்கு இடையில் எதுவும் நடக்கலாம்.

பனைமரத்தையும் அவர் படிக்கக் கற்றுக்கொண்டார். இந்தப் பக்கத்தில் வரப்போரம் பனை வைப்பது பழைய வழக்கம். மூன்று பனை ஒரே நேர்கோட்டில் நின்றால் அந்தக் கோடு பெரும்பாலும் பழைய வரப்பு, இன்றைய வரப்பு அதற்கு அப்பால் எங்கே ஓடினாலும் சரி. கிளுவை வேலி திடீரென்று ஓரிடத்தில் முழங்கை மடக்கினால் அங்கே ஏதோ காரணம் இருக்கும். கரையான் புற்றையும் சும்மா கடந்துவிடக் கூடாது, உள்ளே கல் தலைநீட்டாமல் இருக்கலாம். பாம்பும் இருக்கலாம் என்பதால் அந்த வேலையைச் செயின்மேன் எப்போதும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பார்.

முதலில் கிடைத்த கல்லை நம்பக் கூடாது என்பது அடுத்த பாடம். கல் கிடைத்த சந்தோஷத்தில் அதிலிருந்து அளக்க ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வோம். இன்னொரு கல்லைக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே சங்கிலி போட்டு, படத்தில் உள்ள தூரமும் தரையில் உள்ள தூரமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் மூன்றாவது கல்லிலிருந்து மறுபடி ஒரு சோதனை. ஏனென்றால் கல்லுக்குக் கால் முளைப்பதும் உண்டு. தலையாரி சொன்ன நியாயவான் கற்களைப் போலவே, ராத்திரியில் வண்டியேறிப் போய் நாலடி தள்ளி உட்கார்ந்துகொண்ட கற்களையும் அவர் பார்த்திருக்கிறார். அரசு நட்ட எல்லைக்கல்லை நகர்த்துவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவில் ஓராண்டுவரை சிறைக்குரிய குற்றம். ஊரில் அந்தப் பிரிவைக் கேள்விப்பட்டவர் யாரும் இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

மொத்தத்தில் கெட்ட எண்ணத்தால் போன கற்கள் குறைவு, வசதிக்காகப் போனவையே ஏராளம். செதுக்கிய கருங்கல், ஒரு ஆள் தூக்குகிற கனம், தலை தட்டை: இதைவிட நல்ல துணி துவைக்கும் கல் எங்கே கிடைக்கும்? மாட்டுக் கொட்டகையில் முளைக்குப் பதிலாகவும், தொட்டிக்கு அண்டை கொடுத்தும், வாசற்படிக்கு முன்படியாகவும் அவர் துறையின் சொத்துகள் சேவை செய்துகொண்டிருந்தன. எடுத்துப்போன வீட்டுக்காரரே தண்ணீர் கொடுத்து, "இங்க சர்வே கல்லே கெடையாதுங்க" என்று பேசுவார். பேசும்போது அவர் உட்கார்ந்திருப்பது எதன்மேல் என்று இவர் கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவார். பிடுங்கிய கல்லைத் திரும்பக் கொடுத்தாலும் பயன் இல்லை. அது நின்ற இடம்தான் கணக்கு, கல் வெறும் கல்.

எதற்கும் கலங்காமல் நின்ற ஒரு கல்லை அவர் அடிக்கடி சொல்வார். மூன்று கிராம எல்லைகள் கூடுமிடத்தில் நட்ட கல். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி, முன்னால் சூலம் ஒன்றையும் குத்திவைத்திருந்தார்கள். என்ன சாமி என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், எல்லைக்குக் காவல் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. செயின்மேன் செருப்பைக் கழற்றிவிட்டு, சங்கிலியின் பித்தளைப் பிடியைக் கல்லின் நெற்றியில் பயபக்தியோடு வைத்தார். படத்தில் உள்ள தூரமும் தரையில் உள்ள தூரமும் லிங்க்ஸ் பிசகாமல் ஒத்துப்போயின. சுற்றுவட்டாரத்தில் அதைவிடச் சரியான கல் அவருக்குக் கிடைத்ததில்லை. பராமரிப்புச் செலவாகத் துறைக்கு ஒரு பைசா ஆகவில்லை.

சாமியாகாத கற்களை யார் பார்த்துக்கொள்வது? சட்டப்படி நிலத்துக்காரர். 1923-ஆம் ஆண்டு அளவை மற்றும் எல்லைகள் சட்டம், தன் நிலத்தில் உள்ள அளவைக் குறிகளைப் பேணவும் புதுப்பிக்கவும் பழுதுபார்க்கவும் வேண்டிய கடமையைப் பட்டாதாரர் தலையில் வைக்கிறது. அவர் செய்யாவிட்டால் அரசு செய்துவிட்டு அவரிடமே செலவை வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தில் கச்சிதமான ஏற்பாடு. நடைமுறையில் கற்களைக் காப்பாற்றிவந்தது வேறொன்று என்பது அவருடைய உறுதியான எண்ணம். அது கர்ணத்தின் கால்நடை.

பழைய கிராமக் கணக்குப்பிள்ளை பயிர் பார்த்து அடங்கல் எழுத வேண்டும். அதற்காகக் கழனி கழனியாக வரப்பு மிதித்துப் போக வேண்டும். போகிற போக்கில் கல் கண்ணில் படும். சாய்ந்திருந்தால் தலையாரியைக் கூப்பிட்டு நிமிர்த்தச் சொல்வார், காணாவிட்டால் யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று அவருக்கே தெரியும். கர்ணங்களைப் புகழ வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பரம்பரையாக வந்த அந்தப் பதவியின் அதிகாரத்தில் நசுங்கியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு, கணக்குப்பிள்ளை எழுதியதே கணக்கு என்று அழுத குடும்பங்களை அவரே பார்த்திருக்கிறார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்ததில் நியாயம் இருந்தது. அதற்குப் பின் வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வு எழுதி வந்தவர்கள். அவர்களுக்குச் சான்றிதழ், தேர்தல், நிவாரணம், கணக்கெடுப்பு என்று மேசை வேலை பெருகிக்கொண்டே போனது. வரப்பு மிதிப்பது குறைந்தது. அதிகாரத்தோடு சேர்த்து நடையும் ஒழிந்துபோனது என்பார் அவர். யு.டி.ஆர். காலத்தில் பெயர்களைச் சரிசெய்யக் காட்டிய அக்கறையில் கால்பங்கைக் கற்களுக்குக் காட்டியிருந்தால் இன்றைக்கு நீதிமன்றங்களில் கூட்டம் குறைந்திருக்கும் என்பதும் அவர் கட்சி. இதில் கொஞ்சம் தொழில்பற்று கலந்திருக்கலாம்.

கல் நட்டு எல்லை காட்டுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். சோழர் காலத்தில் ஒரு ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது பெண் யானையை நடக்கவிட்டு, அதைத் தொடர்ந்து போய் எல்லை குறித்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். கல் போனாலும் கள்ளி நிற்கும், கள்ளி பட்டாலும் கல் நிற்கும் என்ற முன்யோசனை அதில் இருந்திருக்க வேண்டும். சிவன் கோயில் நிலமென்றால் கல்லில் சூலம், பெருமாள் கோயில் நிலமென்றால் சக்கரம். விக்கிரவாண்டி பக்கத்து எசாலத்தில் 1987-ல் கோயில் திருப்பணிக்குத் தோண்டியபோது வெண்கலத் திருமேனிகளும் முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடும் வெளிவந்தன. அந்தக் கோயிலைக் கட்டியவர் ராஜேந்திரனின் குரு சர்வசிவ பண்டிதர். யாரோ பத்திரமாகப் புதைத்துவைத்து, எடுக்க ஆளில்லாமல் போய், பல நூற்றாண்டு கிடந்தவை. செய்தி வந்த காலத்தில் ஊரெல்லாம் சிலைகளைப் பற்றிப் பேசினார்கள், இவர் செப்பேட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நில தானத்தைச் சொல்லும் ஆவணம் என்றால் அவர் பார்வையில் அதுவும் ஒரு பதிவேடு.

வெள்ளைக்காரர்களில் அவர் மதித்தது வில்லியம் லாம்ப்டனை. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடித்தளக் கோட்டை அளந்து முக்கோண அளவையைத் தொடங்கியவர் தெற்கே இறங்கி, கடலூர் அருகே திருவந்திபுரம்வரை தன் முதல் வில்லை அளந்தார். மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழி அவருடைய முக்கிய நிலையங்களில் ஒன்று. கருங்குழிக்கும் திருவந்திபுரத்துக்கும் நடுவே இருப்பது திண்டிவனம். அரை டன் கனமுள்ள தியோடலைட்டைச் சுமந்துகொண்டு அந்தக் கூட்டம் போன வழியில்தான் பிற்காலத்தில் இவர் சைக்கிளில் சங்கிலியைக் கட்டிக்கொண்டு போனார்.

ஓய்வுபெற்ற பிறகு மகளைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போனபோது, மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பெரிய கடை ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போனார். செல்போனைப் பார்த்துக்கொண்டே விளக்குக் கம்பம் ஒன்றின் அருகே போய், அதன் அடியில் இருந்த தகர மூடியை மேலே தூக்கினார். உள்ளே பழைய ஃபிலிம் டப்பா. டப்பாவுக்குள் சுருட்டிய தாள், தாளில் வரிசையாகப் பெயர்களும் தேதிகளும். மருமகன் தன் பெயரை எழுதிவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இது ஜியோகேச்சிங், மாமா. ஒருத்தர் ஒளிச்சு வெச்சுட்டு இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகை குடுப்பாங்க. நாம தேடி எடுக்கணும்."

"எடுத்து?"

"பேர் எழுதிட்டு வெச்சுடணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், மாமா."

அவருக்கு அது விளையாட்டாகவே படவில்லை. வேலையிலிருந்து பட்டா, தகராறு, சம்பளம் மூன்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது இதுதானே என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 2000 மே தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. சுமார் நூறு மீட்டர் தடுமாறிய கருவி திடீரென்று பத்து, இருபது மீட்டருக்குள் இடம் காட்டியது. மே 3 அன்று ஒரேகான் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் காட்டோரம் ஒரு வாளியைப் பாதி புதைத்துவைத்து, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று இடத்தைச் சொன்னார். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல் இப்படி ஒளிந்திருக்கின்றன. இரண்டு பெட்டிகளுக்கு இடையில் குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி.

"161 மீட்டரா? அது என்ன கணக்கு?" என்று மருமகன் தானே வியந்தார்.

"528 அடி. எட்டுச் சங்கிலி" என்றார் மாமனார். ஒரு மைலுக்கு 80 சங்கிலி, பத்தில் ஒரு பங்கு எட்டு.

நெவாடா பாலைவனத்தில் 375-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் எட்டுச் சங்கிலிக்கு ஒன்றாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபிலிம் டப்பாக்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒளித்தவரே பார்த்துக்கொள்ள வேண்டும், நனைந்த தாளை மாற்ற வேண்டும், காணவில்லை என்று புகார் வந்தால் போய்ப் பார்க்க வேண்டும், போகாவிட்டால் அந்தப் பெட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவ்வளவு நீளமான வரிசையை ஒருவரால் பார்க்க முடியாது என்பதால், தேடி வருகிறவர்களே காரில் உபரி டப்பாக்களை எடுத்துவந்து, காணாமல் போன இடத்தில் புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போவதும் உண்டு. விளையாட்டுக்கு அது பரவாயில்லை. சர்வேயில் வழிப்போக்கர் கல் நட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்து அவர் சிரித்த சிரிப்பில் மருமகன் பயந்துவிட்டார். ஆனால் பட்டியலிலிருந்து எடுக்கும் விதி அவருக்குப் பிடித்தது. பார்க்க ஆளில்லாத கல்லை இருக்கிறது என்று காகிதத்தில் வைத்திருப்பது நம் ஊர்ப் பழக்கம்.

அதே விளையாட்டைத் திண்டிவனம் பக்கத்தில் பணம் கொடுத்து ஆடியதையும் அவர் பார்த்திருக்கிறார். ஜி.எஸ்.டி. சாலை நாலுவழியானதை ஒட்டித் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே மல்லாட்டைக் கொல்லைகள் மனைகளாயின. வளைவு, கொடி, செம்மண் சாலை, அப்புறம் கல். மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று வர்ணம் பூசிய கற்களை ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கில் நட்டார்கள். சர்வே கல்லைப் போல் ஆழம் கிடையாது, மாடு உரசினால் சாயும். மனை விற்று முடிந்ததும் விற்றவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். வாங்கியவர் சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பத்திரத்தை பீரோவில் பூட்டிவைத்து, மனை பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். இரண்டு மழைக்காலம் போனால் சீமைக்கருவேலம் தலைக்குமேல் வளர்ந்திருக்கும்.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டு அரசு வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவரை பீரோவில் தூங்கிய பத்திரங்கள் எல்லாம் எழுந்து வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அப்பா கையில் லேஅவுட் நகல், பிள்ளை கையில் செல்போன் வரைபடம், அம்மா முள்ளில் சேலை மாட்டாமல் பிடித்துக்கொண்டு நடப்பார். பக்கத்து டீக்கடையில் விசாரித்தால் இவர் வீட்டைக் காட்டுவார்கள். ஓய்வுபெற்ற சர்வேயர் என்றால் மனையைக் கூப்பிட்டதும் எழுந்துவரச் செய்வார் என்று எண்ணம். இவர் போய்ப் பார்ப்பார். மனைக்கல்லைத் தேடுவதில் நேரத்தை வீணாக்க மாட்டார். அந்தப் பிரிவுக்கு அடியில் உள்ள பழைய சர்வே எண்ணைக் கேட்டு, அதன் மூலைக்கல்லைத் தேடுவார். அது கிடைத்தால் மனையை அரைமணி நேரத்தில் காட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் நாள் முழுக்க வர்ணக் கற்களுக்கு நடுவே சுற்றலாம், கண்டுபிடித்தோம் என்று ஆளாளுக்கு ஒரு இடத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்ளலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை இரு கரையும் தாண்டியது. அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையையே வெள்ளம் மூடிப் போக்குவரத்து நின்றது. தண்ணீர் வடிந்தபின் கரையோர நிலங்களில் சில இடத்தில் மணல் மேடு, சில இடத்தில் பள்ளம். வரப்பு என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியவில்லை. நிவாரணம் வந்தது, கணக்கெடுத்தார்கள். ஆனால் உழவு மாடு பூட்டப் போனவர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நின்றார்கள்.

அவருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அளக்க விண்ணப்பித்திருந்தது. துணைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வந்த இளம் அளவர் தோளில் சங்கிலி இல்லை. உச்சியில் வெள்ளைக் கிண்ணம் வைத்த கம்பம் ஒன்றை எடுத்துவந்திருந்தார். ரோவர். வானத்தில் உள்ள செயற்கைக்கோள்களிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். இவர் அதை மரியாதையோடு தொட்டுப் பார்த்தார். தன் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை முதுகு தப்பியிருக்கும் என்றார்.

ஆனால் புலப்படம் பழையது. அதில் அட்சரேகை இல்லை, தீர்க்கரேகை இல்லை. இந்த எழுத்திலிருந்து அந்த எழுத்துக்கு இத்தனை தூரம் என்று மட்டும்தான் அது சொல்கிறது. ரோவர் வானத்தோடு பேசும், படம் கல்லோடு மட்டும் பேசும். இரண்டையும் சேர்த்துவைக்கக் குறைந்தது இரண்டு பழைய கல்லாவது தரையில் வேண்டும். இளைஞருக்கும் இது தெரியும். ரோவரை நிலத்துக்காரர் பையனிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு கடப்பாறை கேட்டார்.

முதல் கல் மேட்டுப்பக்கம், வெள்ளம் ஏறாத இடத்தில், வேப்பமரத்து வேரின் பிடியில் இருந்தது. இரண்டாவது ஆற்றோரம். படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்து, ஓடையின் பழைய வளைவைக் கேட்டறிந்து, இவர் ஓரிடத்தைக் காட்டினார். மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. இடுப்பளவு போன பிறகு கடப்பாறை கையை உதறியது. சுற்றிலும் தோண்டி, தலையைக் கழுவிப் பார்த்தார்கள். செங்குத்தாக நின்றது, சாயவில்லை. இளைஞர் ரோவரைக் குழிக்குள் இறக்கி அளவெடுத்தார். முதல் கல்லுக்கும் இதற்கும் உள்ள தூரம் படத்தோடு ஒத்துப்போனது. மூன்றாவது கல்லையும் பார்த்துவிடலாம் என்று கிழவர் பிடிவாதம் பிடித்தார்.

மூன்றாவது கல் பக்கத்து நிலத்துக்காரரின் மணல் மேட்டுக்கு அடியில். அவருக்கும் நோட்டீஸ் போயிருந்தது. ஆனால் அவர் பெங்களூரில் இருக்கிறார், தான் இல்லாமல் தன் பக்கம் மண்வெட்டி படக் கூடாது என்று போனில் சொல்லிவிட்டார். பேசிப் பார்த்தார்கள், இறங்கிவரவில்லை. புதன்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். இளைஞர் கண்டெடுத்த இரண்டு கல்லின் அளவையும் குறித்துக்கொண்டு, ரோவரைப் பையில் போட்டுக் கிளம்பினார். ஆற்றோரக் குழியை மூடிவிடலாமா என்று நிலத்துக்காரர் கேட்டார். மூடுங்கள், ஆனால் நாலு பக்கமும் கழி நட்டு வையுங்கள், புதன்கிழமை மறுபடி இடுப்பளவு தோண்ட என்னால் ஆகாது என்றார் இவர்.